நான்கு முறை முளைத்த பயம்

சான் பிரான்சிஸ்கோவின் ஒரு தெருவில் கார் ஒன்று வேகம் குறைகிறது. எங்கிருந்தோ ஓடிவந்த ஒருவர் அதன் முன்கண்ணாடியில் இரண்டு கைகளாலும் அறைந்து, அவர்கள் வந்துவிட்டார்கள், அடுத்தது நீங்கள்தான் என்று தொண்டை கிழியக் கத்துகிறார். உள்ளே உட்கார்ந்திருக்கும் டொனால்ட் சதர்லேண்டுக்கும் புரூக் ஆடம்ஸுக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த மனிதர் முனை திரும்பி ஓடி மறைகிறார். அடுத்த நிமிடம் சாலையில் அடிபட்டுக் கிடக்கிறார். சுற்றி நிற்கும் கூட்டத்தின் முகத்தில் பதற்றம் துளியும் இல்லை.

ஓடிவந்தவர் கெவின் மெக்கார்த்தி. 1956-ல் டான் சீகல் இயக்கிய 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்' படத்தின் கதாநாயகன். அந்தப் படத்தில் அவர் நெடுஞ்சாலை வண்டிகளுக்கு நடுவே நின்று இதையேதான் கத்தினார். 22 ஆண்டுகள் கழித்து, அதே பெயரில் பிலிப் காஃப்மன் எடுத்த புதிய படத்தில் அவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்; இன்னும் யாரும் நம்பவில்லை. பழைய படத்தை இயக்கிய சீகலும் புதிய படத்தில் டாக்சி ஓட்டுநராக வந்து போகிறார்.

பழைய அறிவியல் புனைகதைப் படங்களை ஹாலிவுட் மறுபடி எடுக்கலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் கண்முன் வருகிறது. இன்று வரும் ரீமேக் அறிவிப்புகளில் பெரும்பாலானவை எரிச்சலூட்டுகின்றன என்பது உண்மை. ஆனாலும் எடுக்கவே கூடாது என்று சொல்ல, இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மனம் வராது. ஒரே கதை 1956, 1978, 1993, 2007 என நான்கு முறை படமாகியிருக்கிறது. ரீமேக் என்ற வேலை அமெரிக்காவில் எப்படி இருந்தது, எப்படி ஆகிப்போனது என்பதை இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

முதல் படம் நான்கு லட்சம் டாலர் அளவிலான செலவில், ஒரு மாதத்துக்குள் எடுக்கப்பட்டது. கலிபோர்னியாவில் சான்டா மிரா என்ற கற்பனைச் சிற்றூர். ஊர் மருத்துவரிடம் ஒரு பெண், என் மாமா என் மாமாவே இல்லை என்கிறாள். மாமா வெளியே புல்வெளியில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். முகமும் குரலும் அப்படியே இருக்கின்றன, பழைய ஞாபகங்கள்கூடத் தப்பவில்லை. பார்வையில் இருந்த பாசத்தை மட்டும் காணோம். விண்ணிலிருந்து வந்த விதைகள் பெரிய பெரிய நெற்றுகளாகக் காய்த்து, தூங்கும் மனிதரின் அச்சு அசலான நகலை உண்டாக்கிவிடுகின்றன. விழித்தெழுவது அந்த நகல்தான்.

இந்தப் படத்தில் என்னை மிகவும் உலுக்குவது ஒரு பகல் காட்சி. மருத்துவரும் அவர் காதலியும் மாடி ஜன்னல் வழியாக ஊர்ச் சதுக்கத்தைப் பார்க்கிறார்கள். சனிக்கிழமைக் காலை. வழக்கமான நடமாட்டம். லாரிகள் வந்து நிற்கின்றன. மக்கள் வரிசையாகப் போய் ஆளுக்குச் சில நெற்றுகளை வாங்கி, பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோகத் தங்கள் கார்களில் ஏற்றிக்கொள்கிறார்கள். போலீஸ்காரர் ஒழுங்குபடுத்துகிறார். ரேஷன் கடை வரிசையில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும். ஒரு ஊரே மனம் இழந்துபோனதைக் காட்ட சீகலுக்கு ஒரு சதுக்கமும் இரண்டு மூன்று லாரிகளும் போதுமாக இருந்தன.

பனிப்போர்க் காலம் அது. கம்யூனிஸ்ட்டுகள் ஊடுருவுகிறார்கள் என்ற பயத்தைத்தான் படம் சொல்கிறது என்றார்கள் சிலர். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் வேட்டையில் அக்கம்பக்கத்தவரே ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்ததைச் சொல்கிறது என்றார்கள் வேறு சிலர். மூல நாவலை எழுதிய ஜாக் ஃபின்னி தனக்கு அரசியல் நோக்கமே கிடையாது என்றுதான் சொல்லிவந்தார். இரண்டு விளக்கமும் பொருந்திப்போவதே கதையின் பலம். சீகல் படத்தை நெடுஞ்சாலைக் கதறலோடு முடிக்கத்தான் நினைத்தார். அது மிக இருட்டாக இருக்கிறது என்று ஸ்டுடியோ பயந்து, மருத்துவமனைக் காட்சிகளை முன்னும் பின்னும் ஒட்டவைத்தது. கடைசியில் அதிகாரிகள் நம்பிவிடுகிறார்கள், உதவி வரப்போகிறது என்ற ஆறுதல் ரசிகனுக்குக் கிடைத்தது. ஸ்டுடியோக்களின் கை அன்றும் நீளம்தான். அன்றைய ஸ்டுடியோக்களைப் பற்றி இன்று பலர் உருகி உருகிப் பேசுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1978-ல் காஃப்மன் அந்த ஆறுதலைப் பிடுங்கி எறிந்தார். கதையைச் சிற்றூரிலிருந்து பெருநகரத்துக்குக் கொண்டுவந்ததில்தான் அவருடைய புத்திசாலித்தனம் முழுவதும் இருக்கிறது. சிற்றூரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒருவர் மாறினால் பளிச்சென்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத நகரத்தில் ஒருவர் உணர்ச்சியற்று நடந்துபோனால் யார் கவனிக்கப் போகிறார்கள்? சதர்லேண்ட் இதில் சுகாதார ஆய்வாளர். ஓர் உயர்தர உணவகத்தின் குழம்பில் கிடப்பதை எலிப் புழுக்கை என்கிறார். சமையல்காரர் அது சமையலில் போடும் மொட்டுதான் என்று சாதிக்கிறார். அப்படியானால் சாப்பிட்டுக் காட்டு என்கிறார் சதர்லேண்ட். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவது உள்ளே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்ற மொத்தக் கதையும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது.

'ஸ்டார் டிரெக்' ஸ்பாக் பாத்திரத்தால் உலகமறிந்த லெனர்ட் நிமாய், இதில் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் எழுதிப் புகழ்பெற்ற மனநல மருத்துவர். கணவன் மாறிவிட்டான் என்று யார் அழுதாலும், அது உறவுச் சிக்கல், நீங்கள் பொறுப்பிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்று தோளைத் தட்டி அனுப்பிவிடுவார். எழுபதுகளில் அமெரிக்க நகரங்களில் பெருகிக்கிடந்த மனவளப் பேச்சின் மீது விழுந்த அடி அது. படம் முழுக்கப் பின்னணியில் குப்பை லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. சாம்பல் நிறப் பஞ்சு போன்ற ஏதோவொன்றை அரைத்து விழுங்குகின்றன. முதல் முறை பார்க்கும்போது கவனிக்க மாட்டோம். அது மனிதர்களின் மிச்சம் என்று பிற்பாடு புரியும்போது, இத்தனை நேரம் நாமும்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம் என்று உறைக்கும்.

படம் 1978 டிசம்பரில் வெளியானது. அதற்கு முந்தைய மாதம்தான், சான் பிரான்சிஸ்கோவில் வேரூன்றியிருந்த பீப்பிள்ஸ் டெம்பிள் குழுவைச் சேர்ந்தவர்கள் 900-க்கும் மேற்பட்டோர் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் இறந்துபோனார்கள். அதே மாதத்தில் அந்நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். படம் அதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டிருந்தது. அந்த நகரத்தின் காற்றில் என்ன இருந்தது என்பதை காஃப்மன் எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார். கடைசிக் காட்சியில் சதர்லேண்ட் விரல் நீட்டி எழுப்பும், மனிதக் குரலே அல்லாத அந்த அலறலைப் பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. பார்க்காதவர்களுக்காக மேலே சொல்லாமல் விடுகிறேன்.

மூன்றாவது படத்தை 1993-ல் ஏபல் ஃபெராரா ராணுவ முகாமுக்குள் வைத்தார். எல்லாரும் ஒரே சீருடையில் ஒரே நடை நடக்கும் இடத்தில் யார் மனிதன், யார் நகல்? சின்னப் பையன் ஒருவன் புதிதாகப் போய்ச் சேர்ந்த மழலையர் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் தாங்கள் வரைந்ததைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எல்லாம் ஒரே ஓவியம். அவனுடையது மட்டும் வேறு. சிறிய படம், கான் விழாப் போட்டிக்குப் போனது, அமெரிக்கத் திரையரங்குகளில் சரியாக வெளியிடப்படாமலே அமுங்கிப்போனது.

நான்காவதாக 2007-ல் வந்த 'தி இன்வேஷன்' படத்தில்தான் மாற்றம் முகத்தில் அறைகிறது. நிகோல் கிட்மன், டேனியல் கிரெய்க் என்று பெரிய நட்சத்திரங்கள். முதல் படத்தோடு ஒப்பிட முடியாத செலவு. ஜெர்மானிய இயக்குநர் ஆலிவர் ஹிர்ஷ்பீகல் எடுத்து முடித்த படம் ஸ்டுடியோவுக்குத் திருப்தி தரவில்லை. வச்சோவ்ஸ்கி சகோதரிகளை எழுத வைத்து, ஜேம்ஸ் மெக்டீக்கை அழைத்துவந்து பல காட்சிகளை மறுபடி எடுத்தார்கள். இதில் எனக்கு ஆற்றாமை தருவது ஒன்று உண்டு. இந்தப் படத்தில் அபாரமான ஒரு புதுக் கேள்வி இருந்தது. நகல் மனிதர்கள் பெருகப் பெருக, பின்னணியில் ஓடும் தொலைக்காட்சிச் செய்திகளில் உலகப் போர்முனைகள் ஒவ்வொன்றாக அமைதியாகின்றன. உணர்ச்சியை விட்டுக்கொடுத்தால் போர் நிற்கும் என்றால் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்? ஈராக் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வாஷிங்டன் நகரத்திலேயே வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் 1978 படத்துக்குப் பக்கத்தில் உட்காரும் தகுதி இதற்கும் கிடைத்திருக்கும். கேள்வி கார்த் துரத்தல்களுக்கு அடியில் புதைந்துபோனது. கடைசியில் தடுப்பு மருந்து கண்டுபிடித்து எல்லாரையும் குணமாக்கிவிட்டார்கள். 1956-ல் ஒட்டவைத்த அதே ஆறுதல் 51 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது.

இந்த இடைவெளியில் என்ன நடந்தது?

பழைய படம் கைக்கு எட்டும் பொருளாக மாறியதுதான் முதல் காரணம். ஐம்பதுகளில் ஒரு படம் திரையரங்கை விட்டுப் போனால் போனதுதான். டிவியில் என்றாவது பின்னிரவில் போடுவார்கள், நகரத்தில் பழைய படம் திரையிடும் அரங்கு இருந்தால் உண்டு. வி.எச்.எஸ். கேசட் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1977-ல்தான். ஆகவே காஃப்மன் படத்துக்குப் போன இளைஞர்களில் பலருக்குப் பழைய படம் அரைத் தூக்கத்தில் டிவியில் கண்ட ஞாபகமாகத்தான் இருந்திருக்கும். மறந்துபோன கதையைத் திரும்பச் சொல்ல ரீமேக் தேவைப்பட்டது. இன்று 1956 படம் சுத்தப்படுத்திய பிரதியாக டிஸ்க்கில் கிடைக்கிறது. மறதியைக் காரணம் காட்ட யாருக்கும் வழியில்லை. இப்போது ரீமேக் செய்கிறவர்கள் எதிர்பார்ப்பதே நினைவைத்தான்: பெயர் எல்லாருக்கும் தெரியும், விளம்பரச் செலவு பாதி மிச்சம்.

இந்த மாற்றத்தை 'தி திங்' இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஜான் கேம்ப்பெல் 1938-ல் எழுதிய குறுநாவல்தான் அதன் மூலம். அண்டார்டிகா ஆய்வு முகாமில் எந்த உயிரின் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் வேற்றுலக உயிர் நுழைந்துவிடுகிறது. 1951-ல் ஹவர்ட் ஹாக்ஸ் தயாரித்த முதல் படம், கதையை வடதுருவத்துக்கு மாற்றி, உருமாறும் உயிருக்குப் பதிலாக உயரமான தாவர மனிதன் ஒருவனை வைத்தது. ஆனாலும் அதில் ஓர் அற்புதமான காட்சி உண்டு. பனிக்கடியில் புதைந்த கலத்தின் வடிவம் தெரிய, ஆட்கள் அதன் விளிம்பில் கை விரித்து நிற்கிறார்கள். நின்று பார்த்தால் தாங்கள் ஒரு வட்டமாக நிற்பது தெரிகிறது. ஒரு பைசா தந்திரக்காட்சி இல்லாமல் பறக்கும் தட்டைக் காட்டிவிட்டார்கள்.

ஜான் கார்ப்பென்டருக்கு இந்தப் படத்தின் மீது தீராத பிரியம். 1978-ல் அவர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தில் குழந்தைகள் டிவியில் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். 1982-ல் வெளியான ரீமேக்கை எடுக்கும் வாய்ப்பு அவர் கைக்கு வந்தபோது, பழைய படத்தை நகலெடுக்காமல் கேம்ப்பெல்லிடம் திரும்பிப் போனார். 1951-ல் விட்டுப்போன ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டார். கர்ட் ரஸல் ஒவ்வொருவரின் ரத்தத்தையும் சிறு கண்ணாடித் தட்டுகளில் வைத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் தொட்டுப் பார்க்கிறார். மனித ரத்தமானால் வெறுமனே பொசுங்கும். ஒன்று, இரண்டு என்று பொசுங்குகிறது. சந்தேகம் வேறொருவர் மேல் இருப்பதால், அவரிடம் பேசிக்கொண்டே அசட்டையாக அடுத்த தட்டில் கம்பியை வைக்கிறார். ரத்தம் அலறிக்கொண்டு துள்ளி எழுகிறது. எத்தனையாவது முறை பார்த்தாலும் உடம்பு தூக்கிவாரிப் போடும் இடம் அது. ரப்பரும் ரசாயனமும் பசையும் கொண்டு இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ராப் பாட்டின் உருவாக்கிய ஜந்துகள் இன்றும் பழசாகவில்லை. வேலை முடிந்தபோது களைப்பில் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு அந்தப் படத்தை விமர்சகர்கள் கிழித்துப்போட்டார்கள். அன்பான வேற்றுலகவாசியைக் காட்டிய ஸ்பீல்பெர்கின் 'ஈ.டி.' இரண்டு வாரம் முன்பு வந்து அமெரிக்காவையே அழவைத்திருந்தது. 'பிளேட் ரன்னர்' அதே நாளில் வந்து அதுவும் சறுக்கியது. இரண்டையும் பின்னாளில் காப்பாற்றியதில் வீடியோ கேசட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

2011-ல் மூன்றாவது 'தி திங்' வந்தது. கதைப்படி இது 1982 படத்துக்கு முந்தைய சம்பவங்கள். பெயர் மட்டும் மாறவே இல்லை, பெயரில்தானே காசு. அலெக் கில்லிஸ், டாம் வுட்ரஃப் ஆகியோரின் குழு பாட்டின் வழியில் கையால் இயக்கும் ஜந்துகளைச் செய்துகொடுத்தது. படப்பிடிப்பில் அவற்றைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு பெரும்பாலானவற்றின் மேல் கணினி உருவங்களைப் பூசி மறைத்துவிட்டார்கள். மனம் நொந்த கில்லிஸ், ரசிகர்களிடம் இணையத்தில் நிதி திரட்டி 2015-ல் 'ஹார்பிஞ்சர் டவுன்' என்ற சிறு படத்தைக் கைவேலை ஜந்துகளோடு எடுத்தார். படம் சுமார்தான். ஆனால் ஒரு கைவினைஞர் தன் வேலையைக் காட்ட அந்த அளவுக்குப் போக வேண்டியிருந்தது என்பது எனக்கு வலிக்கிறது.

கணினியை நான் குறைசொல்லவில்லை. நடிகர் ஆன்டி செர்கிஸின் முகபாவங்களைக் கணினிதான் சீசர் என்ற வாலில்லாக் குரங்கின் முகத்துக்குக் கொண்டுபோனது. 2011-ல் தொடங்கிய அந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' வரிசை, 2001-ல் டிம் பர்டன் சொதப்பியதற்கெல்லாம் சேர்த்து ஈடுகட்டியது.

சிக்கல் வேறிடத்தில். 1987-ல் பால் வெர்ஹோவன் எடுத்த 'ரோபோகாப்' வன்முறை மிகுந்ததால் தணிக்கையோடு மல்லுக்கட்டி வயது வந்தோருக்கான படமாக வந்தது. போலீஸையே ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்ட நகரம் எப்படி அழுகும் என்பதைக் காட்ட அந்தக் குரூரம் தேவைப்பட்டது. 2014 ரீமேக்கில் நல்ல தொடக்கம் ஒன்று இருக்கிறது: டெஹ்ரான் தெருக்களில் அமெரிக்க எந்திரப் படை வீடு வீடாகச் சோதனை போடுகிறது, அதைத் தொலைக்காட்சி பெருமையோடு நேரலை செய்கிறது. ஜோசே பாடில்யா விவரம் தெரிந்த இயக்குநர், தன் காலத்துப் பயத்தைச் சரியாகவே தொட்டார். ஆனால் பதின்வயதினரும் வர வேண்டும் என்ற கணக்கில் படத்தின் பற்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

1951-ல் ராபர்ட் வைஸ் எடுத்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கும் இதே கதிதான். அதில் அணுகுண்டைப் பற்றி எச்சரிக்க வந்த வேற்றுலகவாசி கிளாட்டு, 2008 ரீமேக்கில் சுற்றுச்சூழலுக்காக வந்தார். சரியான மாற்றம். மனிதர்களுக்கு நடுவே பல்லாண்டு வாழ்ந்துவிட்ட வயதான வேற்றுலகவாசி ஒருவரை கிளாட்டுவாக நடித்த கீனு ரீவ்ஸ் ஒரு துரித உணவகத்தில் சந்திக்கும் காட்சி அதில் உண்டு. இவர்கள் திருந்த மாட்டார்கள், ஆனாலும் இவர்களை நேசிக்கிறேன், இங்கேயே சாகிறேன் என்கிறார் அந்த முதியவர். அந்தச் சில நிமிடங்கள்தான் படத்தின் உயிர். மற்றதெல்லாம் இடிபாடு. உலகம் முழுவதும் 23 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இன்று அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஆகவே ரீமேக் எடுக்கட்டும், ஆனால் எதை என்பதில் கண்டிப்பு வேண்டும் என்பது என் தீர்ப்பு. அன்று கைகூடாமல் போனதை எடுக்கட்டும். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலை 1984-ல் ஒரே படத்துக்குள் திணித்து டேவிட் லின்ச்சை நொந்துபோக வைத்தார்கள். டெனி வில்நவ் அதை இரண்டு படங்களாகப் பிரித்துக்கொண்டார், 2021-ல் வந்த முதல் பாகம் ஆறு ஆஸ்கர் வாங்கியது. யோசனை நன்றாக இருந்தும் வீணாய்ப் போன 2007 'இன்வேஷன்' போன்றவற்றையும் எடுக்கட்டும். கைபேசித் திரைக்குள் முகம் புதைத்து நடக்கும் இந்தக் காலத்துக்கு நெற்று மனிதர்களின் ஐந்தாவது கதை ஒன்று நிச்சயம் மிச்சமிருக்கிறது. 1987 'ரோபோகாப்' போல முழுமையாக வந்துவிட்டவற்றைத் தயவுசெய்து விட்டுவிடட்டும்.

ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கறுப்பு வெள்ளை என்பதற்காகப் பழையதைத் தள்ளிவைக்காதீர்கள். நாம் பார்க்கமாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் பழைய பெயர்கள் நமக்கே திரும்ப விற்கப்படுகின்றன. 1956 'பாடி ஸ்நாட்சர்ஸ்' 80 நிமிடம், 1978 படம் 115 நிமிடம். இரண்டும் சேர்ந்தே மூன்றேகால் மணி நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பழையதை முதலில் பாருங்கள்.